தொண்ணூற்றேழாம் பக்கம்

மாநகர சபையில் தெருவிளக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். அந்த முப்பத்தொரு வருஷத்தில், கடைசி வரி வரை வாசிக்காமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் காரணம், அதனால் சொல்கிறேன்.

பெயர் செல்லச்சாமி. வீடு மஹய்யாவ. மனைவி பரிமளம் போய் இரண்டு வருஷமாகிறது. மகள் சஞ்சீவனி மெல்பேர்னில். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். "அப்பா, சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா? சரி, புள்ளைய கிளாசுக்குக் கூட்டிட்டுப் போகணும், வைக்கிறேன்." நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கின்றன. அந்த ஆறு நாளும் என் வீட்டில் சத்தம் போடுவது பிரஷர் குக்கர் ஒன்றுதான்.

இப்படியிருக்க, ஒருநாள் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் என் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தார்கள். 'சிகரம் ஆளுமை வாசகர் பேரவை. ஒழுக்கம், வணிகம், தன்முன்னேற்றம் ஆகிய துறைகளின் தலைசிறந்த நூல்களை வாசிப்போம், வளர்வோம்.' மற்றவர்கள் இதோடு கசக்கிப் போட்டிருப்பார்கள். நான் கடைசி வரி வரை வாசித்தேன். கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது: 'தண்டு நிலையை அடையும் அங்கத்தவருக்கு ஒரு வளர்ச்சித் துணை வழங்கப்படும். அவர் தினமும் காலை ஆறு மணிக்கு உங்களைத் தொலைபேசியில் அழைத்து, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்.'

ஒழுக்கம் எனக்குப் போதுமான அளவு இருந்தது. வணிகம் வேண்டாம். முன்னேற்றமா? அறுபத்து மூன்று வயதில் முன்னேறினால் அடுத்த இடம் மஹய்யாவ மயானம்தான், அதுவும் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எனக்கு வேண்டியது அந்த ஆறு மணி. தினமும் ஒரு மனிதக் குரல், எப்படி இருக்கிறீர்கள் என்று. அடுத்த சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பேரவை, பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கும் ஒரு டியூட்டரியின் மேல் மாடியில் கூடியது. வாசலில் "வணக்கம்" என்றேன். செயலாளர் கலாராணி அம்மா பதறிப்போனார்.

"ஐயோ அண்ணே, இங்க வணக்கம் சொல்றதில்ல. வளர்கிறேன்னு சொல்லணும். அவங்க வளர்கன்னு சொல்லுவாங்க."

"வளர்கிறேன்," என்றேன். அறையிலிருந்த நாற்பது பேரும் "வளர்க!" என்றார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் எனக்குப் பதில் சொல்லி எவ்வளவு காலம்! உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சுவரில் ஒரு பலகை: 'சொந்தக் கதை சோம்பலின் அடையாளம்.' பக்கத்துக் கதிரையிலிருந்தவரிடம், "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் அந்தப் பலகையைக் கண்ணால் காட்டிவிட்டு, கதிரையை அரை அடி நகர்த்திக்கொண்டார். தேநீர் இடைவேளை நான்கு நிமிஷம். அதிலும் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் ஒரு படிப்பினை சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, "டீ நல்லாருக்கு," என்றேன். அதை 'நன்றியுணர்வு' என்ற தலைப்பின் கீழ் பதிந்துகொண்டார்கள்.

நிலைகள் ஐந்து: விதை, முளை, தண்டு, கிளை, சிகரம். கிளைக்கு மேலே சிகரம் எப்படி முளைக்கும் என்று நான் கேட்கவில்லை. விதையிலிருந்து முளைக்குப் போவதற்கு வருகை போதும். மூன்று மாதத்தில் முளைத்துவிட்டேன். தண்டாவதற்கு மட்டும் நேர்முகப் பரீட்சை உண்டு. அதற்குப் பேரவைத் தலைவரே எழுதிய 'நேர்மையால் உயர்ந்து நிறுவனமாகு' என்ற நூலைக் கற்றிருக்க வேண்டும்.

தலைவரைப் பற்றிச் சொல்லவில்லையே. வளர்ச்சிச் செம்மல் யுகேஷ். பட்டத்தை யார் கொடுத்தது என்று கலாராணி அம்மாவிடம் கேட்டேன். பேரவை என்றார். பேரவை என்றால் யார் என்று கேட்டேன். தலைவர் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். கலாராணி அம்மாவிடம் போய், "அந்தப் புத்தகத்தக் குடுங்கம்மா, வாசிக்கணும்," என்றேன்.

"சாறு தானே கேக்கிறீங்க?"

பேரவையில் புத்தகத்தைப் பிழிந்து ஒரு பக்கமாக்கித் தருவார்கள், அதற்குப் பெயர் சாறு. அதையும் பிழிந்து ஒரு வரியாக வட்ஸ்அப்பில் போடுவார்கள், அது சொட்டு. சொட்டை வாசித்துவிட்டுப் பெருவிரல் படத்தைப் போட்டால் அந்தப் புத்தகம் முடிந்தது. போன வருஷம் ஒருவர் இருநூற்றுப் பதினான்கு புத்தகம் முடித்து, கதிரையின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். அதுதான் அங்கே மரியாதை.

"சாறு வேணாம்மா. புத்தகம்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"ஏன்ணே, சாறு வெளங்கலையா?"

புத்தகங்கள் ஒரு கண்ணாடி அலுமாரியில் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு. திறப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், பிறகு சுத்தியலால் தட்டினார்கள். திறந்தபோது எல்லாப் புத்தகங்களும் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருந்தன. தலைவரின் நூல் மட்டும் அறுபது பிரதி, எட்டாம் பதிப்பு. ஒன்றை எடுத்து, பெறுமதியான பொருளை ஒப்படைப்பதுபோல் என்னிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார் கலாராணி அம்மா. வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தேன். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம், பென்சிலால் கோடு போட்டு வாசித்தேன். நேர்மை ஒரு மூலதனம், புன்னகை ஒரு முதலீடு, நன்றி ஒரு வட்டி என்று போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறாம் பக்கம் இப்படி முடிந்தது: 'உண்மையான தலைவன் அதிகாலையில் எழுந்ததும் செய்யவேண்டிய முதற் கடமை'.

தொண்ணூற்றேழாம் பக்கத்தைப் புரட்டினேன்.

'கூட்டின் தரையில் மூன்று அங்குல உயரத்துக்கு மரத்தூள் பரப்புதல்.'

சரி, ஏதோ ஆழமான விஷயம்போல என்று கோடு போட்டேன். அடுத்த வரி குஞ்சு பொரித்த முதல் நாள் தண்ணீரில் கொஞ்சம் சீனி கலக்கச் சொன்னது. அதற்கடுத்தது நூறு குஞ்சுக்கு எத்தனை மின்குமிழ் என்று சொன்னது. தெருவிளக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் அந்தக் கணக்கைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இப்படியே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை போய், 'இறந்த குஞ்சுகளை ஆழமாகப் புதைத்துவிடவும்' என்று முடிந்தது. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் தொடங்கியது: 'அப்போதுதான் உங்கள் ஊழியர்கள் உங்களை மனதார நேசிப்பார்கள்.'

நான் மடையனில்லை. புத்தகம் கட்டும்போது எவனோ ஒருவன் கோழி வளர்ப்புக் கையேட்டின் பதினாறு பக்கத்தை இதற்குள் வைத்துக் கட்டிவிட்டான் என்று விளங்கிவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இருநூற்றைம்பது பக்கத்தில் என்னைப் பார்த்துப் பேசியது அந்தப் பதினாறு பக்கம்தான். நூற்றுநான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'ஒற்றைக் குஞ்சைத் தனியே வளர்க்கலாகாது. துணையில்லாத குஞ்சு தீனி இருந்தும் உண்ணாது. நாள் முழுவதும் கத்தும். வேறு துணை கிடைக்காவிட்டால் கூட்டினுள் ஒரு சிறு கண்ணாடியை வைக்கவும். தன் உருவத்தையே துணையென நம்பி அது சற்று அடங்கும்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் என்ன வெட்கம்? எழும்பி, சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். பரிமளத்தின் அலுமாரிக் கதவில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். கையேடு எழுதியவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.

பரீட்சை நாள் வந்தது. தலைவர் நடுவில், கலாராணி அம்மா ஒரு பக்கம், அந்த இருநூற்றுப் பதினான்கு புத்தகக்காரர் மறுபக்கம்.

"நூலில் உங்களை மாற்றிய வரி எது?" என்று தலைவர் கேட்டார். இதற்குச் சொல்ல வேண்டிய பதில் 'நேர்மையே மூலதனம்'. இதுவரை முந்நூற்று நாற்பது பேர் அதைச் சொல்லித் தண்டாகியிருந்தார்கள். எனக்கும் தெரியும். ஆனால் என்னை மாற்றிய வரி எது என்றுதானே கேட்டார்?

"ஒற்றைக் குஞ்சத் தனியா வளக்கக்கூடாதுங்க," என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தகக்காரர் சாற்றை எடுத்து, மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடினார்.

"நூத்திநாலாம் பக்கம்," என்று நான் உதவினேன்.

"நூத்திநாலா?" என்றார் தலைவர். "அவ்வளவு தூரம் போகுதா?"

புத்தகத்தை விரித்துக் காட்டினேன். தலைவர் வாசித்தார். முகம் வெளிறிப்போனது. அலுமாரியிலிருந்த மற்ற ஐம்பத்தொன்பது பிரதியின் உறையையும் கிழித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கோழி இருந்தது. எங்கிருந்தோ முதற் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பதினொரு வருஷத்துக்கு முந்தியது. அதிலும் இருந்தது.

அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குற்றச்சாட்டு: 'நூலினை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் வாசித்தமை.' விளக்கம் கேட்டு ஒழுக்க விசாரணைக் குழு கூடியது. குழுவில் இருந்தவர்களும் அதே மூன்று பேர்தான், கதிரைகளை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க," என்றார் கலாராணி அம்மா. "ஏன் வாசிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"பரீட்சைக்குப் படிக்கச் சொன்னீங்களேம்மா."

"படிக்கத்தான் சொன்னோம். வாசிக்கச் சொன்னோமா?"

தலைவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசியதை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன், கூட்டக் குறிப்பு எழுதிய பழக்கம்.

"நண்பர்களே, ஒரு உண்மைய ஒத்துக்கிறேன், ஏன்னா நான் நேர்மையப் பத்திப் புத்தகம் எழுதினவன். அந்தப் புத்தகத்த நான் வாசிச்சதில்ல. ஏன் வாசிக்கணும்? தன் மேல நம்பிக்கையில்லாதவன்தான் தான் எழுதினதத் திரும்ப வாசிப்பான். ரெண்டாயிரம் பிரதி போயிருக்கு. ரெண்டாயிரம் பேர் வளந்திருக்காங்க. ஒருத்தர் குறை சொல்லல. ஒரு நூலின் வெற்றிக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? இன்னைக்கு ஒருத்தர் வாசிச்சார், பேரவைக்குப் பிரச்சினை. இதுவரைக்கும் யாரும் வாசிக்கல, பேரவை வளந்துச்சு. படிப்பினை என்னன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன், பழக்கதோஷம்.

கைதட்டல் தலைவருக்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, மூன்றே நிமிஷத்தில் அடுத்த முடிவுக்கு வந்துவிட்டார். அது அச்சுப் பிழையே இல்லை. அது உருவகம்! குஞ்சு என்பது மனிதன், மரத்தூள் என்பது பணிவு, மின்குமிழ் என்பது தலைவர். சாதாரண வாசகனுக்கு விளங்கக்கூடாது என்றே அவர் அதை நடுவில் மறைத்து வைத்தாராம்.

அடுத்த சனிக்கிழமை 'குஞ்சுத் தலைமைத்துவம்' என்று முழுநாள் கருத்தரங்கு. பேனரில் ஒரு மஞ்சள் குஞ்சு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றது. புத்தகக்காரர் மேடையேறி, மரத்தூள் தன் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று விம்மினார். மூன்று அங்குலம்தான் சரியா, இரண்டரை போதுமா என்று இரு அணியாகப் பிரிந்து வாதாடினார்கள். இனி "வளர்கிறேன்" என்றால், பதிலுக்கு "பொரிக" என்று சொல்ல வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேறியது. ஒற்றைக் குஞ்சு வரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இடைவேளையில் நாற்பது பேருக்கு நடுவில் நான் தனியாக நின்று பிளேன்டீ குடித்தேன்.

கலாராணி அம்மா ஒரு கடதாசியோடு வந்தார். "அண்ணே, இதுல ஒரு கையெழுத்து."

வாசித்தேன். 'மேற்படி பதினாறு பக்கங்களும் உருவகமே என்பதை நான் வாசித்த மாத்திரத்திலேயே உணர்ந்துகொண்டேன் என இத்தால் உறுதி கூறுகிறேன்.'

"இது பொய்யாச்சேம்மா."

"பொய்தான்ணே," என்றார் குரலைத் தாழ்த்தி. "போட்டா இன்னைக்கே உங்களத் தண்டாக்குறோம்னு தலைவர் சொன்னார்."

"தண்டானா ஆறு மணிக்குப் போன் வருமா?"

"வரும்ணே. அது கட்டாயம் வரும்."

முப்பத்தொரு வருஷம். ஒரு மின்குமிழ் கூடுதலாக எழுதச் சொன்ன ஒப்பந்தகாரனை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டையும் நினைத்தேன், அந்தக் கண்ணாடியையும் நினைத்தேன். போட்டுவிட்டேன். நேர்மையைப் பற்றிய புத்தகத்துக்காக என் வாழ்க்கையின் முதல் பொய்க் கையெழுத்து.

மறுநாள் நாலரைக்கே எழும்பிவிட்டேன். முகம் சவரம் செய்தேன். நல்ல சேட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். போனில் சேட்டுத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். என்னென்ன சொல்ல வேண்டுமென்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டேன், முதல் நாளே நிறையப் பேசி அவரைக் களைப்பாக்கக் கூடாது என்று பாதியை வெட்டினேன். சரியாக ஆறு மணிக்கு மணி அடித்தது.

"வளர்கிறேன்! நான் உங்கள் வளர்ச்சித் துணை. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

தலைவரின் குரல். தலைவரே பேசுகிறாரே என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"நல்லா இருக்கேங்க. அதாவது, அவ்வளவு நல்லான்னு சொல்ல முடியாது. வீட்டுக்காரி போனதிலருந்து..."

"நன்றாக வளர்ந்திருந்தால் ஒன்றை அழுத்தவும். மிக நன்றாக வளர்ந்திருந்தால் இரண்டை அழுத்தவும்."

பிறகு மௌனம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏழு விநாடி. அப்புறம் அதே குரல், "உங்கள் பதில் கிடைக்கவில்லை. பொரிக!" என்றது. போன் வெட்டுப்பட்டது.

நான் கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்றை அழுத்தியிருக்கலாம். யாருக்கு நட்டம்? ஆனால் நான் நன்றாகவும் வளரவில்லை, மிக நன்றாகவும் வளரவில்லை. ஒரு பொய் போதும் என்று தோன்றியது. ஆனாலும் அந்த ஏழு விநாடி இருந்ததே, அதை விட மனமில்லை. மறுபக்கத்தில் மெல்லிய இரைச்சல் கேட்கும், யாரோ காதுகொடுப்பதுபோலவே இருக்கும். அதற்குள் அடங்குகிற மாதிரி ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தயார்பண்ணினேன். "நேத்து முழுக்க மழை, ஒரு சேட்டும் காயல." பதில் கிடைக்கவில்லை, பொரிக. "பரிமளத்தோட மூக்குக்கண்ணாடி கெடச்சிச்சு, அரிசி வாளிக்குப் பின்னால." பதில் கிடைக்கவில்லை, பொரிக. "இன்னைக்கு அவ பொறந்த நாள்." பதில் கிடைக்கவில்லை.

இருபத்தொரு நாள் போனதும் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. 'வளர்ச்சித் துணையுடன் தொடர்ந்து பேச மறுத்தமையால்' நான் மீண்டும் விதையாக்கப்பட்டிருந்தேன். கடைசி வரி வரை வாசித்தேன். மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை. ஆறரை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மணிக்கூடு பிந்தியிருக்கலாமே என்று.

பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினேன். பாலத்தடியில் கோழிக்குஞ்சும் தீனியும் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஹபீல் நானா, பஸ்ஸில் போகும்போது பலகையில் பெயர் பார்த்திருக்கிறேன். அவர் அப்போதுதான் கடை திறந்து, பெட்டிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, ஒரு குஞ்சு குடுங்க."

"ஒண்டா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ட மட்டும் தர ஏலாதே ஐயா. தனிய உட்டா தின்னவும் மாட்டாது, நாள் முழுக்க கத்திக்கொண்டே ஈக்கும். ரெண்டா எடுங்க."

"தெரியும். புத்தகத்துல வாசிச்சேன்."

"இதுக்கும் புத்தகமா?" என்று சிரித்தார். "தெரிஞ்ச பொறகு என்னத்துக்கு ஒண்டு கேக்கிறீங்க?"

"அது தனியா இருக்காது நானா. நான் இருக்கேனே. நானும் அதும் ரெண்டு தானே?"

அவர் சிரிப்பு நின்றது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஊட்டுல வேற ஆருமில்லையா?"

"இல்ல," என்றேன். "வீட்டுக்காரி போயி ரெண்டு வருஷம்..." சொல்லத் தொடங்கிவிட்டேன். ஆனால் இருபத்தொரு நாள் பழக்கம் விடுமா? வாய் பேசப் பேச மனம் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. சட்டென்று வாயை மூடினேன். ஏழு.

"சொல்லுங்களே," என்றார் ஹபீல், ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு.